‘அரை ஷிப்ட்’ என்றால் என்ன? மிகைநேர உழைப்பும் உறுப்பு 23உம்

திருப்பூரில் பின்னலாடை தைக்கும் பெண்ணொருவரிடம் “ஓவர்டைம் பார்ப்பதுண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். “எத்தனை ஷிப்ட்?” என்று கேட்டால் “ஒன்றரை” என்பார். இரண்டு பதில்களும் அவரளவில் உண்மையே. காலை 8.30க்குத் தொடங்கும் வேலை மாலை 5.30க்கு ஒரு ஷிப்டாக முடிகிறது. அதன்பின் இரவு 8.30 அல்லது 9 மணி வரை நீள்வது அரை ஷிப்ட். சரக்கு கப்பலேறும் நெருக்கடி இருந்தால் நள்ளிரவைத் தாண்டும். அது இரண்டு ஷிப்ட். சட்டம் ஓவர்டைம் என்று குறிப்பிடும் நேரத்தை அந்த ஊர் ஷிப்டின் பின்னமாகக் கணக்கிடுகிறது. பெயர் மாறிய மறுகணமே அந்த நேரத்திற்குரிய கூலியின் விகிதமும் மாறிவிடுகிறது.

இந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவது பொருத்தம் என்று கருதுகிறோம். வேலைநேரம் முடிந்த பிறகும் தொழிலாளரை நிறுத்திவைக்கும் விதிகள் எங்கும் எழுதி ஒட்டப்படுவதில்லை. அவை பழக்கமாகவும் பேச்சுவழக்காகவும் வண்டி புறப்படும் நேரமாகவும் இருக்கின்றன. அவற்றை விதிகள் என்று அடையாளம் காண்பதே முதல் வேலை.

சட்டம் என்ன சொன்னது என்பதை முதலில் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வயதுவந்த தொழிலாளர் எவரும் வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்ய ‘வேண்டப்படவோ அனுமதிக்கப்படவோ’ கூடாது என்று பிரிவு 51இல் வரையறுத்தது. நாளொன்றுக்கு 9 மணி என்பது பிரிவு 54. இடைவேளைகள் உட்பட ஆலைக்குள் இருக்கும் மொத்த நேரம் பத்தரை மணியைத் தாண்டலாகாது என்பது பிரிவு 56. இந்த வரம்பைக் கடந்த ஒவ்வொரு மணிக்கும் இருமடங்கு ஊதியம் என்றது பிரிவு 59. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு இது பொருந்தாது என்று பல நிறுவனங்கள் கூறுவது தவறு. அவருடைய முந்தைய மாத முழுநேர வருவாயின் நாள் சராசரியை அடிப்படையாகக் கொண்டு இருமடங்கைக் கணக்கிட வேண்டும் என்று அதே பிரிவு வழியும் காட்டியிருக்கிறது.

‘அனுமதிக்கப்படவோ’ என்ற சொல்லை நம் மாணவத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். “நாங்கள் யாரையும் இருக்கச் சொல்லவில்லை, அவர்களாகவே இருந்தார்கள்” என்பதுதான் நிர்வாகங்களின் வழக்கமான பதில். சட்டம் அந்த வாசலை 1948லேயே அடைத்துவிட்டது. தொழிலாளி தாமாக முன்வந்து நின்றாலும், நிற்க விட்டதே குற்றம். இதற்குத் துணையாகப் பிரிவு 103 இருந்தது: உணவு, ஓய்வு இடைவேளை தவிர்த்து, இயந்திரம் ஓடும் நேரத்தில் ஆலைக்குள் காணப்படும் ஒருவர், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, அங்கே வேலையில் இருந்தவராகவே கருதப்படுவார். மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். புரிந்துகொள்வதற்காக ஒரு ஷிப்டுக்கு 480 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்திற்கு 480 என்றால் மணிக்கு 60. அரை ஷிப்டுக்கு 240 தருகிறார்கள். அந்த அரை ஷிப்டில் இடைவேளை போக வேலை நேரம் மூன்று மணி என்றே கொள்வோம். “மூன்று மணி வேலைக்கு நான்கு மணிக் கூலி தருகிறோமே” என்று நிர்வாகம் பெருமையும் பட்டுக்கொள்ளும். ஆறு நாளும் முழு ஷிப்ட் பார்ப்பவருக்கு 48 மணி அதிலேயே தீர்ந்துவிடுவதால், அதற்குமேல் வரும் மூன்று மணியும் மிகைநேரமே. சட்டப்படி மணிக்கு 120 வீதம் 360 ரூபாய் தர வேண்டும். நாளொன்றுக்கு 120 ரூபாய் குறைகிறது, வாரத்திற்கு 720, நான்கு வாரத்திற்கு 2,880. அதாவது, ஆறு நாள் முழுக் கூலி ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஓசையின்றி எடுக்கப்படுகிறது.

பணத்தோடு இது முடிவதில்லை. நாளுக்குப் பதினோரு மணி என்றால் வாரத்திற்கு 66 மணி. மிகைநேரத்தையும் சேர்த்து வாரத்திற்கு 60 மணிக்கு மேல் போகக் கூடாது என்றும், மூன்று மாதத்திற்கு 50 மணிக்கு மேல் மிகைநேரம் கூடாது என்றும், சிறப்பு விலக்கு பெற்றால் அது 75 வரை போகலாம் என்றும் அந்த மையச் சட்டம் வரம்பு கட்டியது. வாரம் 18 மணி மிகைநேரம் பார்க்கும் தொழிலாளிக்கு அந்த 50 மணி மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்துபோகிறது. மீதிப் பத்து வாரங்களும் சட்டத்திற்கு வெளியே நடக்கின்றன. எனவேதான் ‘ஓவர்டைம்’ என்ற சொல் கூலிச் சீட்டில் வராமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. எழுதினால் இருமடங்கு தர வேண்டும் என்பது மட்டும் காரணமன்று. எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

எப்படி நிறுத்திவைக்கிறார்கள்

கதவைப் பூட்டித்தான் ஒருவரை நிறுத்த வேண்டும் என்பதில்லை. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை அழைத்துவரும் கம்பெனி வண்டி, அரை ஷிப்ட் முடிந்த பிறகே திரும்பிப் புறப்படும். 5.30க்கே போக விரும்பும் பெண், பேருந்து வராத சாலையில் இருபது கிலோமீட்டர் எப்படிப் போவார்? வண்டி ஒரு சலுகையாகத் தரப்படுகிறது. அதுவே பூட்டாகவும் இருக்கிறது. இன்னொன்று டார்கெட். மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு எட்டு மணி நேரத்தில் எட்ட முடியாத அளவில் வைக்கப்பட்டால், மீதியை முடித்துவிட்டுப் போ என்பது ஆணையாகவே தோன்றாது. அவருடைய சொந்தக் குறைபாடாகத் தோன்றும். பின்தங்கியவர் என்ற பழியோடு அந்த மூன்று மணி நேரத்தையும் அவர் சுமக்கிறார்.

நூற்பாலைகளின் நிலை இதனினும் கடுமையானது. திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் ஆலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களுள் கணிசமானோர் தென்மாவட்டங்களின் நிலமற்ற தலித் குடும்பங்களிலிருந்து தரகர்கள் வழியாக வந்தவர்கள். ‘சுமங்கலி’ போன்ற கவர்ச்சிப் பெயர்களில், மூன்றாண்டு முடித்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி அழைத்துவரும் முறையை நம் வாசகர்கள் அறிவார்கள். தொகை கடைசியில்தான் வரும். இடையில் போனால் இல்லை. உறங்கும் அறையும் ஆலையும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஆள் குறைந்தால் இரவு எந்நேரமும் விடுதிக் கதவு தட்டப்படலாம். இங்கே வேலைநேரத்தின் முடிவு என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே இயலாது.

நேரத்தின் மீதான அதிகாரம் உடலின் மீதான அதிகாரமாக மாறுவதற்கு அதிகத் தொலைவில்லை. யார் சீக்கிரம் போகலாம், யார் இரவு நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் சூப்பர்வைசர். அவர் பெரும்பாலும் ஆண். பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினர். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் பணியாற்றிய தலித் பெண் தொழிலாளி கொலையுண்டார். அவர் வேலை செய்த ஆலையின் மேற்பார்வையாளர் அவ்வழக்கில் கைது செய்யப்பட்டார். அதன்பின் நடந்த போராட்டத்தின் விளைவாக 2022 ஏப்ரலில் கையெழுத்தானதே திண்டுக்கல் ஒப்பந்தம். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதில் ஒரு தரப்பு. தைக்கும் லைனிலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து, பாலினத் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் அவர்கள் வழியாக வெளிக்கொணர அது வகைசெய்தது. யார் எந்நேரம் வரை நிறுத்தப்படுகிறார் என்பதைச் சக தொழிலாளி ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது சூப்பர்வைசரின் தனியதிகாரத்தை எவ்வளவு குறைக்கும் என்பதை ஆலையில் நின்றவர்கள் அறிவார்கள்.

ஒரு மறுப்பை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். தொழிலாளர்களே அரை ஷிப்ட் கேட்கிறார்கள் என்பதுதான் அது. அது பொய்யன்று. ஒரு ஷிப்ட் மட்டுமே தரும் கம்பெனியை விட்டு, ஒன்றரை ஷிப்ட் தரும் கம்பெனிக்கு மாறுகிறவர்கள் உண்டு. வாடகை, குழுக் கடன் தவணை, பிள்ளைகளின் கட்டணம் ஆகிய மூன்றுமே ஒரு ஷிப்ட் கூலிக்குள் அடங்குவதில்லை. நம் இயக்கத் தோழர்கள் சிலர் இத்தகைய தொழிலாளரை விழிப்புணர்வற்றவர் என்று குறைகூறுவதைக் கேட்டிருக்கிறோம். அது அநீதி. அவர்கள் கேட்பது கூடுதல் நேரத்தையன்று, கூலியை. எட்டு மணி நேரக் கூலியை வாழப் போதாத அளவில் வைத்திருப்பதே அரை ஷிப்டை ‘விருப்பம்’ ஆக்குகிறது. இந்த விருப்பத்திற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

முடிவில்லாத நேரம் யாருடையது

இது தொழிற்சங்கச் செய்திதானே, இதில் சாதி எங்கிருந்து வந்தது என்று கேட்போர் உண்டு. வேலைக்கு ஒரு முடிவு நேரம் உண்டு என்ற எண்ணமே நம் மக்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்றாக இருந்தது என்பதுதான் விடை. தஞ்சைப் பண்ணையாள் விடியுமுன் வயலில் இறங்கி இருட்டிய பின் திரும்பினார். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும் வரை அவரை வெளியேற்றுவதற்கும் கூலியைத் தீர்மானிப்பதற்கும் மிராசுதாரின் சொல்லே சட்டம். வெட்டியானுக்கு வேலைநேரம் என்று ஒன்று இருந்ததில்லை. சாவு எப்போது வருகிறதோ அப்போது வேலை.

‘வெட்டி’ என்பது சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல். இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனற்ற வேலை என்று பொருளாகிவிட்டது. கூலி கொடுக்காமல் வாங்கப்பட்ட உழைப்பை, பயனே இல்லாத உழைப்பாக நினைக்கும்படி மொழியும் பழக்கப்பட்டிருக்கிறது.

மராட்டிய மண்ணில் இதற்கு மகர் வதன் என்று பெயர். 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரைப் பதவிகள் சட்டம் அதற்குச் சட்டத் தகுதியும் தந்தது. சிறு துண்டு நிலத்திற்கும் ஊரார் தரும் தானியத்திற்கும் ஈடாக, மகர்கள் அரசு அலுவலர் எவர் கூப்பிட்டாலும் இரவு பகல் பாராமல் போக வேண்டும். பணிக்குரியவர் ஊரில் இல்லையென்றால் அவர் குடும்பத்தில் இருப்பவரை இழுத்துச் செல்வார்கள். 1928 மார்ச் 19 அன்று பம்பாய்ச் சட்டமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்த மசோதா இந்த முறையைத்தான் குறிவைத்தது. வரையறையற்ற நேரம், வரையறையற்ற வேலை, பெயரளவிலான கூலி ஆகியவை சேர்ந்ததே அடிமைத்தனம் என்பதை அவர் அன்றே சுட்டிக்காட்டினார். அந்த வதன் முறை ஒழிய 1958ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே அம்பேத்கர்தான் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலைநேரத்தை 54இலிருந்து 48 மணியாகக் குறைத்தது 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில், 1942இல் ஒரே நாளில் எட்டு மணி நேர வேலை கிடைத்துவிட்டதைப்போல நம் நண்பர்கள் சமூக ஊடகங்களில் பகிர்வதைக் காண்கிறோம். மாநாட்டில் பேசப்படுவது வேறு, சட்டமாவது வேறு. நடுவே நான்காண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பையும் நினைவுகூர்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. 1928இன் வதன் மசோதாவையும் 1946இன் 48 மணி நேரத்தையும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகளாக நாம் வாசிக்கிறோம்.

உறுப்பு 23

அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 23, ‘பெகார்’ என்ற வட இந்தியச் சொல்லை ஆங்கில மூலத்திலேயே அப்படியே வைத்து, அதையும் அதையொத்த கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. பெகார் என்பது நம் வெட்டியேதான். 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டுமான வேலை செய்த தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்த உறுப்புக்குத் தந்த விளக்கத்தை ஒவ்வொரு சட்ட மாணவரும் படிக்க வேண்டும். நீதிபதி பகவதி எழுதிய அத்தீர்ப்பு, ‘கட்டாயம்’ என்பது சவுக்கோ சட்டமிரட்டலோ மட்டுமன்று என்றது. வேறு வழியே இல்லாதபடி பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்த கூலிக்குத் தள்ளுவதும் கட்டாயமே. குறைந்தபட்ச ஊதியத்திற்குக் கீழே வாங்கப்படும் உழைப்பு உறுப்பு 23க்கு எதிரான கட்டாய உழைப்பு. மேலும், தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பு 17ஐப் போலவே 23உம் அரசை மட்டுமின்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. “அவர்களே விரும்பித்தானே நிற்கிறார்கள்” என்ற வாதத்திற்கான விடை இங்கே இருக்கிறது.

இந்த விளக்கம் வேலைநேரத்திற்கும் நீண்டது 2020இல். அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று, கொரோனாவைக் காரணம் காட்டி குஜராத் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. நாளுக்கு 12 மணி, வாரத்திற்கு 72 மணி. கூடுதல் நேரத்திற்கு இருமடங்கு இல்லை, அதே விகிதம்தான். எட்டு மணிக்கு 80 ரூபாய் என்றால் பன்னிரண்டு மணிக்கு 120 ரூபாய் என்று அந்த அறிவிக்கை எடுத்துக்காட்டே தந்திருந்தது. பிரிவு 59இன்படி அது 160ஆக இருந்திருக்க வேண்டும். நம்மூர் ஒன்றரை ஷிப்டை அப்படியே அரசாணையாக எழுதியதைப் போன்ற ஆவணம் அது. ஒரு ஷிப்டுக்கு 80, ஒன்றரைக்கு 120! தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2020 அக்டோபர் 1 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அறிவிக்கையைத் தள்ளுபடி செய்தது. போர், புறத்தாக்குதல், உள்நாட்டுக் கலகம் ஆகியவற்றுக்காகவே தரப்பட்ட விலக்கு அதிகாரத்தைப் பெருந்தொற்றுக்கும் பொருளாதாரத் தேக்கத்திற்கும் பயன்படுத்த முடியாது என்றது. உறுப்புகள் 21, 23 ஆகியவற்றின் பார்வையிலும் அதைக் கண்டித்தது. அக்காலத்தில் உழைத்தவர்களுக்குப் பிரிவு 59இன்படி மிகைநேர ஊதியம் வழங்கவும் ஆணையிட்டது.

தமிழ்நாடும் இந்தப் பாதையில் ஒரு முறை கால்வைத்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, வேலைநேர வரம்புகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க வழிசெய்யும் 65ஏ பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் உட்பட ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடிய நூற்றாண்டில், சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். வெற்றி என்று நாமும் கொண்டாடினோம். ஆனால் அன்றிரவும் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் ஓடியது. சட்டத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தை விரட்டிய நாம், ஆலைத் தளத்திலிருந்து அதை விரட்டவில்லை.

இப்போது சட்டமும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது; 1948ஆம் ஆண்டின் சட்டம் இருந்த இடத்தில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு இருக்கிறது. எட்டு மணி நேர நாள் அதில் இருக்கிறது. இருமடங்கு ஊதியமும் இருக்கிறது. மிகைநேரத்திற்குத் தொழிலாளியின் ஒப்புதல் வேண்டும் என்ற வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் மூன்று மாதத்திற்கு இத்தனை மணி என்ற உச்சவரம்பைச் சட்டத்திலேயே எழுதாமல், விதிகள் வழியாக அரசு தீர்மானிக்கும்படி விட்டுவிட்டார்கள். விதிகளை அறிவிக்கையால் மாற்றலாம். சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்புகூடத் தேவைப்படாது. ஒப்புதல் என்ற சொல் கேட்க நன்றாக இருக்கிறது. வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் தாள்களின் நடுவே ஒரு ஒப்புதல் படிவமும் இருந்தால், விடுதியில் தங்கப்போகும் பதினெட்டு வயதுப் பெண் அதை மறுத்துவிட்டு உள்ளே போக முடியுமா? 1982இன் தீர்ப்பை முதலில் அங்கேதான் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

கையில் எடுக்கத்தக்க ஒரு கருவியும் புதிய சட்டங்களில் உண்டு. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி குறைத்துக் கொடுத்த கூலியைக் கேட்டு மூன்றாண்டுக்குள் மனுச்செய்யலாம். கொடுத்துவிட்டேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. எனினும், நின்ற நேரத்தைக் காட்ட ஏதேனும் ஒன்று தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். நிர்வாகத்தின் பதிவேட்டில் 5.30தான் இருக்கும்.

ஆகவே ஆலைப் பகுதிகளில் வேலை செய்யும் தோழர்கள், வாசகர் வட்டம் நடத்தும் மாணவர்கள் ஆகியோரிடம் ஓர் எளிய வேண்டுகோளை வைக்கிறோம். பத்து ரூபாய்க் குறிப்பேடு ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுங்கள். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், யார் நிற்கச் சொன்னார், என்ன சொல்லி நிற்கச் சொன்னார் என்று நாளுக்கு ஒரு வரி. எழுதப் பழக்கமில்லாதவருக்கு வீட்டிலுள்ள பிள்ளை எழுதட்டும். சனிக்கிழமை கூலி வாங்கும்போது கவரின் மேல் எழுதியிருப்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைக்கட்டும். பெரும்பாலான கவர்களில் ‘9 ஷிப்ட்’ என்று இருக்கும். வாரத்திற்கு வேலை நாள் ஆறுதான்.